அப்பாகிட்ட 49ன்னு சொல்லிட்டேன் (கடிதமும் பதிலும்)

அக்காவுக்கு வணக்கம்,

நான் பிளஸ் டூ படிக்கிறேன், பயோ மேத்ஸ், தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூல். ஊரு புதுவயல் பக்கம்னு மட்டும் போடுங்க, பேரு வேண்டாம், எங்க தமிழ் மிஸ் உங்க எழுத்தை படிக்கிறவங்க, கண்டுபிடிச்சிருவாங்க.

அப்பா சிங்கப்பூர்ல கன்ஸ்ட்ரக்சன் வேலை. நான் ரெண்டாவது படிக்கிறப்ப போனாங்க, லீவுக்கு வந்து வந்து போவாங்க. அம்மா கோட்டையூர்ல ஒரு ஆச்சி நடத்துற பலகாரக் கடைல முறுக்கு சுத்துறாங்க. தம்பி எட்டாவது. எங்க வீட்ல இதுவரை யாரும் காலேஜ் போனதில்ல. அப்பா டெய்லி நைட்டு 9 மணிக்கு வீடியோ கால் பண்ணுவாங்க, மொத கேள்வியே இன்னைக்கு என்ன டெஸ்ட்டு எவ்வளவு மார்க்குங்கறதுதான்.

அரையாண்டுல எனக்கு ஃபிசிக்ஸ் 70க்கு 29. எங்க ஃபிசிக்ஸ் சார் ட்ரான்ஸ்ஃபர்ல போயிட்டாங்க, கொஞ்ச நாள் யாருமே இல்ல, அது ஒரு காரணம், ஆனா நானும் ஒழுங்கா படிக்கல. அப்பா கேட்டப்ப வாயில 49ன்னு வந்துருச்சு. வேணும்னு சொல்லல அக்கா, பின்னாடி அவங்க ரூம் அண்ணன்லாம் நின்னாங்க, அப்பா போனை அவங்க பக்கம் திருப்பி "என் மக"ன்னு காட்டிக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு 29ன்னு தெரியும், ரேங்க் கார்டுல கையெழுத்து போட்டது அவங்கதான். "அப்பாகிட்ட சொல்லாத, அங்க தனியா கெடந்து கவலைப்படும், பப்ளிக்ல பாத்துக்கலாம்"னு அம்மாதான் சொன்னாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா அப்பா இந்த வருசத்தோட முடிச்சுக்கிட்டு ஊருக்கே வர்றதா இருந்தாங்க. இப்ப எனக்கு நீட் கோச்சிங் சேக்கணும், மொத தடவை வரலைன்னா ஒரு வருசம் ரிப்பீட் பண்ண வைக்கணும், அதனால இன்னும் ரெண்டு வருசம் ஒர்க் பெர்மிட் போடப் போறேன்னு சொல்றாங்க. கவர்மென்ட் ஸ்கூல் 7.5 சதவீத கோட்டால நம்ம புள்ளைக்கு ஈசியா கிடைச்சிரும்னு யாரோ சொல்லிருக்காங்க. நான் ஆறாவதும் ஏழாவதும் மெட்ரிக் ஸ்கூல்ல படிச்சேன், கொரோனால ஃபீஸ் கட்ட முடியாம எட்டாவதுல இங்க சேத்தாங்க. எனக்கு 7.5 கிடைக்குமா?

அதுவும் இல்லாம எனக்கு டாக்டர் ஆகணும்னு ஆசையே இல்ல. என்ன ஆகணும்னும் தெரியல. கெமிஸ்ட்ரி மட்டும் புடிக்கும், 58 எடுத்தேன். மேத்ஸ் 90க்கு 62, பயாலஜி 50. நைட்டு 1 மணி வரைக்கும் படிக்கிறேன், 4 மணிக்கு எந்திரிக்கிறேன், எதுவும் மண்டைல நிக்க மாட்டேங்குது. பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அடுத்து என்னன்னு கேக்குறாங்க. பப்ளிக்ல நான் நிஜமாவே 49 எடுத்துட்டா அப்பாகிட்ட இதை சொல்லவே வேண்டாம்தானே அக்கா?

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

*

ஆத்தா,

உன் கடிதம் முழுக்க மார்க்கா இருக்கு, ஆனா எனக்கு கண்ணுல நின்னது அந்த ரெண்டு வருச பெர்மிட்டுதான். உன் கடைசி கேள்விக்கு மொதல்லயே பதில் சொல்லிர்றேன். சொல்லணும். பப்ளிக்ல 49 எடுத்தாலும் சொல்லணும், 65 எடுத்தாலும் சொல்லணும், அதுவும் மார்ச்சுக்கு முன்னாடி. ஏன்னா நீ அப்பாகிட்ட சொல்லாம வச்சிருக்கறது ஒன்னு இல்ல, மூணு. 29ங்கறது ஒன்னு. டாக்டருக்கு ஆசை இல்லைங்கறது ரெண்டு. ஆறாவது ஏழாவது மெட்ரிக்ல படிச்சதால வர்ற சிக்கல் மூணு, அது அப்பாவுக்கு தெரிஞ்ச விசயம்தான் ஆனா அவருக்கு அதோட அர்த்தம் தெரியல. இந்த மூணுல சின்னது எதுன்னு கேட்டா அந்த 29தான், நீ அதைத்தான் பெருசா நெனச்சு ராத்திரி முழுக்க கெடந்து உருள்ற.

அந்த மூணாவதை மொதல்ல முடிச்சுருவோம். 7.5 சதவீதம்ங்கறது 2020ல வந்த சட்டம், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைகளுக்கு மெடிக்கல் சீட்டுல தனி ஒதுக்கீடு, அடுத்த வருசம் இன்ஜினியரிங், அக்ரி, லா இதுக்கெல்லாமும் கொண்டு வந்தாங்க. ஆறாவதுல இருந்துங்கறதுதான் இதுல உயிர். தனியார் ஸ்கூல்ல ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) கோட்டால ஃபீஸ் இல்லாம எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு ஒம்பதாவதுல கவர்மென்ட் ஸ்கூலுக்கு வந்தவங்களுக்கு அதுல எடம் உண்டு, ஆனா நீ ஃபீஸ் கட்டி படிச்ச புள்ள. அதனால கிடையாது. காலேஜ் போற பொண்ணுங்களுக்கான புதுமைப்பெண் 1000 ரூபாயும் இதே கணக்குதான், அதையும் நம்பி உக்காராத. கஷ்டமாத்தான் இருக்கும், கட்ட முடியாம போன ஃபீஸுக்கு இப்ப வந்து இன்னொரு தடவை அடி வாங்கற மாதிரி. ஆனா இது உனக்கு இப்பவே தெரியறது நல்லது. அங்க ஒரு மனுசன் இந்த 7.5ஐ நம்பித்தான் ரெண்டு வருசம் கூட இருக்கறதா முடிவு பண்ணிக்கிட்டு இருக்காரு. அதை சொன்ன ஆளுக்கு அரைகுறையா தெரிஞ்சிருக்கு, அவரு மேல தப்பு சொல்ல முடியாது, நம்ம ஊர்லயே பாதிப்பேருக்கு இது தெரியாது.

இப்ப அந்த 49க்கு வர்றேன். நீ பொய் சொன்னதா நெனச்சு குமையிற. எனக்கு அது நம்ம ஊர்ப்பக்கத்து வீடுகளோட ரொம்ப பழைய பழக்கம்னுதான் தோணுது. செட்டிநாட்டுல கடல் தாண்டி ஆள் போகாத தெரு எது? நகரத்தார் வீட்டுப் பசங்களை உன் வயசுல, சில பேரை அதுக்கும் முன்னாடியே, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏத்தி கடையில வேலை பழகற பெட்டியடிப் பையனா உக்கார வச்சாங்க. நீ என்ன ஆகணும்னு அவங்களை ஒருத்தரும் கேக்கல, போய் கணக்கு எழுதுன்னாங்க, போனாங்க. அவங்க கூட சமைக்கவும் எடுபிடிக்கும்னு மத்த சாதி ஆளுகளும் போனாங்க, அவங்க கதைய யாரும் பெருசா எழுதல, அது கெடக்கட்டும். அங்கருந்து வர்ற காயிதத்துல இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்னு இருக்கும். காய்ச்சல்ல கெடந்தது இருக்காது, மேலாள் திட்டுனது இருக்காது. இங்கருந்து போற காயிதத்துலயும் அப்படித்தான், ஆயாவுக்கு முடியலைங்கறதை அவரு லீவுல வந்து எறங்குறப்பதான் சொல்லுவாங்க. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப நடந்தே கெளம்பி வந்தவங்க எத்தனையோ பேரு, வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் வீட்டுக்கு சேதி இல்ல. ரெண்டு பக்கமும் நல்லதை மட்டும் சொல்லிக்கிட்டு பாசத்துல ஒருத்தரை ஒருத்தர் இருட்டுல வச்சிருந்த வீடுகள் இதெல்லாம். கப்பல் போயி ஃபிளைட் வந்துருச்சு, காயிதம் போயி வீடியோ கால் வந்துருச்சு, அம்மா சொல்ற வார்த்தை மட்டும் மாறல பாத்தியா, "அங்க தனியா கெடந்து கவலைப்படும்".

உங்க அம்மாவை நான் குறை சொல்லல. பத்து வருசமா தனியா ரெண்டு புள்ளைகளை வச்சுக்கிட்டு, பகல் முழுக்க முறுக்கு சுத்தின கையோட ராத்திரி வந்து சோறாக்குற பொம்பளைக்கு, இன்னொரு சண்டைய போன்ல ஆரம்பிக்க தெம்பு இருக்காது.

உங்க அப்பாவும் சொல்லாம வச்சிருக்காரு, அதை நீ கவனிச்சியா? நைட்டு 9 மணிக்கு கால் வருதுன்னு எழுதிருக்க. சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அப்ப அங்க மணி 11.30. விடிஞ்சும் விடியாம லாரி ஏறிப் போற வேலை அது. நீ சாப்புட்டு உக்கார்ற நேரம் 9 மணின்னு, அதுக்காக முழிச்சுக் கெடக்காரு. தூக்கம் வருதுன்னு என்னைக்காவது சொல்லிருக்காரா? முட்டி வலிக்குதுன்னு, இன்னைக்கு சூப்பர்வைசர் கத்துனான்னு? சொல்லிருக்க மாட்டாரு. அவரு சொல்ற "சாப்புட்டேன்டா, வேலை லேசுதான்"ங்கறதுலயும் ஒரு இருவது மார்க் கூட்டித்தான் இருக்கும்.

சரி, அந்த காலத்துல அப்படி மறைச்சாங்க, காலம் ஓடுச்சு. இப்ப முடியாது. ரிசல்ட்டு ரெஜிஸ்டர் பண்ண போன் நம்பருக்கே மெசேஜா வருது, ரிஜிஸ்டர் நம்பரும் பொறந்த தேதியும் இருந்தா எந்த நாட்டுல இருந்தும் பாக்கலாம், உனக்கு முன்னாடி அவரு பாத்துருவாரு, அதுவும் அந்த ரூம்ல எல்லாரும் சுத்தி நிக்க. அதை விட பெருசு அந்த பெர்மிட். அவரு ஊருக்கு வர்றதா வேண்டாமாங்கற முடிவை நீ குடுத்த தப்பான தகவலை வச்சு எடுக்கப் போறாரு. 29ன்னு தெரிஞ்சு, ஆசை இல்லைன்னு தெரிஞ்சு, 7.5 கிடையாதுன்னும் தெரிஞ்ச பிறகும் அவரு ரெண்டு வருசம் இருக்கேன்னு சொன்னா அது அவரு முடிவு, கடன் இருக்கலாம், வீடு பாதியில நிக்கலாம், உனக்கு தெரியாத காரணம் எவ்வளவோ இருக்கும். தெரியாம எடுத்துட்டா அது அவரு முடிவு இல்ல, உன் முடிவு.

எப்படி சொல்றதுன்னா, 9 மணி காலுல சொல்லாத. பின்னாடி ஆள் நிக்கிற எடத்துல எந்த அப்பாவும் நல்லபடியா பதில் சொல்ல மாட்டாரு, மானப் பிரச்சனை ஆயிரும். மொதல்ல அம்மாகிட்ட சொல்லு, நான் சொல்லப் போறேன்னு, கேக்காத, சொல்லு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை காலைல வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் போடு. டைப் பண்ணாத, எழுத்துல வாசிச்சா குரல் தெரியாது, கோபமா அழுகையா ஒன்னும் புரியாது. அப்பா உங்ககிட்ட ஒன்னு மாத்தி சொல்லிட்டேன், அரையாண்டுல ஃபிசிக்ஸ் 29தான், உங்க ஃபிரண்ட்ஸ் நின்னாங்க அதான் வாய் தவறி வந்துருச்சு, அதுக்கு நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னா இது, அப்புறம் எனக்கு டாக்டர் வேண்டாம்ப்பா, 7.5ம் எனக்கு வராதாம், எனக்காக பெர்மிட் போடாதீங்க, நேர்ல வாங்க பேசுவோம். இவ்வளவுதான். ரெண்டு நிமிசம் வராது. அழுகை வந்தா வரட்டும், அதையும் சேத்து அனுப்பு, திரும்பத் திரும்ப ரெக்கார்ட் பண்ணி அழகாக்கிக்கிட்டு இருக்காத. கோவப்படுவாரு, ஒரு நாள் ரெண்டு நாள் கால் வராமக்கூட இருக்கலாம். அதுக்கு தயாரா இரு. அப்புறம் கால் வர்றப்ப இனிமே 7 மணிக்கே பேசுவோம்ப்பா, நீங்க தூங்குங்கன்னு சொல்லு. அஞ்சு நிமிசம் பேசிட்டு புக்கை எடு.

இப்ப மார்க்குக்கு வர்றேன். மார்க்கெல்லாம் ஒரு மேட்டரே இல்ல, வாழ்க்கைல எவ்வளவோ இருக்குன்னு சொல்றவங்க நிறைய பேரு வருவாங்க, கேட்டுக்காத. அவங்க புள்ளைக்கு மேனேஜ்மென்ட் கோட்டால சீட்டு வாங்க காசு இருக்கும். உனக்கு மார்க்குதான் காசு. ஆனா அந்த காசு எந்தக் கடையில எவ்வளவுக்கு செல்லும்னு உனக்கு தெரியணும், மொத்தமா 600க்கு எவ்வளவுன்னு பயந்துக்கிட்டு இருக்கக்கூடாது. இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்ஆஃப் 200க்கு, மேத்ஸ் 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. நீ எழுதின அரையாண்டையே எடுத்துக்குவோம், ப்ராக்டிகல் 20ம் இன்டர்னல் 10ம் முழுசா வந்துருதுன்னு வச்சுக்கிட்டா ஃபிசிக்ஸ் 59, பாதியாக்குனா 29.5. கெமிஸ்ட்ரி 88, பாதி 44. மேத்ஸ் இன்டர்னலோட 72. மொத்தம் 145.5. இதே ஃபிசிக்ஸ்ல நிஜமாவே 49 எடுத்தா 155.5. நீ வாய் தவறி சொன்ன அந்த 20 மார்க்கோட விலை கட்ஆஃப்ல 10. அது சின்ன வித்தியாசம் இல்ல, பத்து மார்க்ல காலேஜே மாறும். மேத்ஸ்ல ஏத்தற ஒவ்வொரு மார்க்கும் முழுசா சேரும், ஃபிசிக்ஸ்ல ஏத்தறது பாதிதான் சேரும், இதையும் பாத்துக்க. தமிழும் இங்கிலீசும் இந்த கட்ஆஃப்ல வராது, அதுக்காக விட்டுறாத, நடுராத்திரி வரைக்கும் கட்டுரை மனப்பாடம் பண்ணாதன்னு சொல்றேன். பிளஸ் ஒன் மார்க்கும் இதுல வராது.

நீட் பத்தி ஒன்னே ஒன்னு. 180 கேள்வில 45 ஃபிசிக்ஸ், தப்பா போட்டா மைனஸ் வேற. ஃபிசிக்ஸை கண்டு ஓடுற, டாக்டராகவும் ஆசை இல்லாத புள்ள எதுக்கு ஒரு வருசம் ரிப்பீட் பண்ணணும்? அப்பா ஆசைக்கு ஒரு தடவை எழுதிப் பாக்கறேன்னா எழுது. ரிப்பீட்டுக்கு ஒத்துக்காத.

ஃபிசிக்ஸ்ல சார் இல்லாதது பெரிய அநியாயம்தான், அதை யாரு ஈடு கட்டுவாங்கன்னு கேட்டா ஒருத்தரும் இல்ல. அரையாண்டு பேப்பரை எடுத்து வச்சு எந்த பகுதில எவ்வளவு போச்சுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுது. ஒரு மார்க் கேள்வி 15, ரெண்டு மார்க் 9ல 6 எழுதணும், மூணு மார்க் 9ல 6, அதுல ஒன்னொன்னு கட்டாயம், அது பெரும்பாலும் கணக்கா இருக்கும், அப்புறம் அஞ்சு மார்க் அஞ்சு, அது இதுவா அதுவான்னு சாய்ஸோட. உனக்கு எங்க ஓட்டைன்னு நீயே பாத்துருவ. என் ஊகம், ஒரு மார்க்லயே அஞ்சாறு போயிருக்கும், அஞ்சு மார்க்ல ரெண்டு கேள்வி தொடாம விட்டிருப்ப. புக் பேக் ஒரு மார்க் எல்லாத்தையும் பதினோரு பாடத்துக்கும் பச்சையா மனப்பாடம் பண்ணு, வெக்கப்படாத. அஞ்சு மார்க்குக்கு பதினோரு பாடத்தையும் தூக்கிக்கிட்டு அலையாத, நிலை மின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல்னு மொத வால்யூம்ல நாலு பாடத்துல வான் டி கிராப், வீட்ஸ்டோன், சைக்ளோட்ரான், மின்மாற்றி மாதிரி படம் போட்டு எழுதறதை எல்லாம் எழுதி எழுதிப் பாரு. படம் வந்துட்டா பாதி மார்க் கைல. கெமிஸ்ட்ரில 58 எடுக்கிற மண்டைக்கு இது முடியாத வேலை இல்ல. சந்தேகத்துக்கு பக்கத்து ஸ்கூல் சார் யாராச்சும் சனிக்கெழமை சொல்லித் தருவாங்களான்னு உங்க தமிழ் மிஸ்கிட்டயே கேளு. அவங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயப்படுறியே, கண்டுபிடிச்சா என்ன, நல்லதுதான்.

1 மணிக்கு படுத்து 4 மணிக்கு எந்திரிச்சா மண்டைல ஒன்னும் நிக்காதுதான், அதுக்கு உன்னை திட்டிக்காத. படிச்சது உள்ள போய் உக்கார்றதே தூக்கத்துலதான். 10.30க்கு படு, 5 மணிக்கு எந்திரி. போனை அம்மா தலைமாட்டுல வை, உன் தலைமாட்டுல வேண்டாம். நான் ஊர்ப்பட்ட வேலைய வச்சுக்கிட்டு ராத்திரி ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருக்கற ஆளு, அதனால போனே பாக்காதன்னு உபதேசம் பண்ணா எனக்கே சிரிப்பு வரும், எடத்தை மாத்துன்னு மட்டும் சொல்றேன்.

என்ன ஆகணும்னு தெரியலைன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே கெமிஸ்ட்ரி புடிக்கும்னு எழுதிருக்க. பதினேழு வயசுல இதுக்கு மேல என்ன தெரியணும்? காரைக்குடில அழகப்பா காலேஜ் ரோட்டுப் பக்கம் போயிருப்ப, சிக்ரின்னு போர்டு பாத்திருப்ப, உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டிருக்க மாட்ட. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். கோட்டையூர்க்காரரு அழகப்பச் செட்டியார், ஆமா உங்க அம்மா முறுக்கு சுத்தப் போற அதே கோட்டையூர், 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுத்து இங்க வரவச்சது. 1948ல நேரு வந்து அடிக்கல் போட்டாரு, 1953ல ராதாகிருஷ்ணன் திறந்து வச்சாரு. பேட்டரி, இரும்பு துருப்பிடிக்கறது, முலாம் பூசறதுன்னு கெமிஸ்ட்ரியும் கரண்டும் சேர்ற எல்லா ஆராய்ச்சியும் அங்க நடக்குது, இன்னைக்கு கரண்டு ஸ்கூட்டரு, கரண்டு காருன்னு ஊரே பேசுதே, அதோட உயிரே இந்த படிப்புதான். அங்க பி.டெக் இருக்கு, கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங், அண்ணா யுனிவர்சிட்டியோட சேந்தது, சீட்டு கவுன்சிலிங் வழியாத்தான். சீட்டு கம்மி, கட்ஆஃப் நல்லா வேணும், 145 வச்சுக்கிட்டு நான் ஆசை காட்டல. ஆனா மேத்ஸையும் ஃபிசிக்ஸையும் ஏத்தறதுக்கு நீட்டை விட இது நல்ல காரணமா எனக்கு படுது. அது வரலைன்னா அதே ஊர்ல 1952ல ஆரம்பிச்ச, இப்ப கவர்மென்ட் நடத்துற இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, செட்டிநாட்டுல அக்ரி காலேஜ் வந்துருச்சு, பி.எஸ்சி கெமிஸ்ட்ரி அழகப்பா கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கலாம், படிச்சு எம்.எஸ்சி முடிச்சு ஆராய்ச்சிக்குன்னு அதே சிக்ரி கேட்டுக்குள்ள போறவங்களும் உண்டு. வெளியூர்ல இருந்து எல்லாம் வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறாங்க, நாம பஸ்ஸுல போயிக்கிட்டே இருக்கோம், உள்ள எட்டிப் பாக்கறதில்ல.

பெரியம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பதில் ரொம்ப சிம்பிள், "ரிசல்ட்டு வந்ததும் சொல்றேன்". சிரிச்சுக்கிட்டே சொல்லு, விளக்கம் குடுக்க ஆரம்பிக்காத. ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு ஸ்டேட் செகண்டுன்னு பேரு சொல்றதை கவர்மென்ட்டே 2017ல நிறுத்திருச்சு, ஆனா காரைக்குடி ஐந்து விளக்குல ஃபிளெக்ஸ் கட்டறவங்களும் சொந்தக்காரங்களும் இன்னும் நிறுத்தல. பாதிப்பேரு பதில் வேணும்னு கேக்கறதே இல்ல, பேச ஒன்னு வேணும், அவ்வளவுதான்.

பரிட்சை நேரத்துலதான் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவும் வரும், பால்குடம், ரேடியோ செட்டு, எலக்சன் வந்தா அந்த மைக்கு வேற. சத்தத்தை நிறுத்த உன்னால முடியாது. சத்தம் கம்மியா இருக்கற அதிகாலைல ஃபிசிக்ஸை போடு, மைக் கட்டுற நேரத்துல மேத்ஸ் போட்டுப் பாரு, கணக்கு போடறப்ப காது தானா மூடிக்கும். பிள்ளையார்பட்டிக்கு ஹால் டிக்கெட்டும் பேனாவும் வச்சு கும்பிட கூட்டிட்டுப் போவாங்க, போயிட்டு வா, அப்படியே குன்றக்குடி, அப்படியே பெரியம்மா வீடுன்னு நாள் முழுக்க இழுப்பாங்க, அதுக்கு மட்டும் வரலைன்னு சொல்லிரு.

ஒரு வேலை பாக்கி இருக்கு, அதை அம்மாகிட்ட இப்பவே குடுத்துரு. உங்க வீட்ல இதுவரை யாரும் காலேஜ் போகலைன்னு எழுதிருக்க. அப்ப முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கலாம், கவுன்சிலிங்ல வர்ற இன்ஜினியரிங் சீட்டுக்கு ட்யூசன் ஃபீஸ் சலுகை உண்டு. அதோட சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இ-சேவைல போட்டு வச்சுரட்டும். மே மாசம் கவுன்சிலிங் ரெஜிஸ்ட்ரேசன் ஆரம்பிக்கிறப்ப ஊரே வரிசைல நிக்கும், சர்வரும் படுத்துக்கும். அப்பா ஆதார்ல பேரு ஒரு மாதிரியும் உன் டிசில வேற மாதிரியும் இருக்கான்னு இப்பவே பாத்துருங்க, வெளிநாட்டுல இருக்கறவருக்கு அதை திருத்தறது பெரிய அலைச்சல்.

இந்த பதிலுக்கு பதில் எழுதிக்கிட்டு இருக்காத, வாய்ஸ் மெசேஜ் போடு. மார்ச் முடிஞ்சதும் கட்ஆஃப் எவ்வளவு வரும்னு நீயே கணக்கு போட்டு அனுப்பு, எந்தெந்த காலேஜை எந்த வரிசைல போடலாம்னு அப்ப உக்காந்து பாப்போம்.

அக்கா